அகஸ்தியம்பள்ளி உப்பு ரயிலும் என் எட்டடிப் பலகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மாடி அறையில் எட்டடி நீளத்துக்கு ஒரு பலகை இருக்கிறது. அதன்மேல் ஓர் உப்பளம், ஒரு சின்ன ரயில் நிலையம், துருப்பிடித்த சரக்குப் பெட்டிகள் நாலைந்து. வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் ஒரு மாதிரிக் கேள்விகள் கேட்பார்கள். ரயில் மாடல் செய்கிறவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள். இரண்டு வகைக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்படி எழுதி வைத்துவிட்டேன். எளிய கேள்விகள் மேலே, வம்பான கேள்விகள் கீழே.

இது எந்த ஊரு ரயிலு? ஊட்டி ரயில் மாதிரி இருக்கு, ஆனா மலையைக் காணோமே?

திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டியில் பிரிந்து, நாகப்பட்டினம் மாவட்டம் அகஸ்தியம்பள்ளியில் போய் முடிகிற கிளைப் பாதை. நீளம் சுமார் 37 கிலோமீட்டர். கரியாப்பட்டினம், குரவப்புலம், நெய்விளக்கு, தோப்புத்துறை, வேதாரண்யம் எல்லாம் வழியில் வரும் ஊர்கள். ஒரு காலத்தில் பாதை அதையும் தாண்டிக் கோடியக்கரை வரை போனது.

ஊட்டி ரயில் ஞாபகம் வந்தது சரிதான். அதற்கான காரணம் மீட்டர் பாதை பற்றிய கேள்வியில் வருகிறது.

அவ்வளவு சின்ன ஊருக்கு எதுக்கு ரயில் விட்டாங்க?

உப்புக்காக. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த பெரிய உப்பு வட்டாரம் வேதாரண்யம்தான். உப்பு கனமான சரக்கு, விலையோ சொற்பம். ஒரு மூட்டையைத் தூர ஊருக்கு வண்டி கட்டி அனுப்பினால் மூட்டையின் விலையை வண்டிக்கூலி தின்றுவிடும். அப்படிப்பட்ட சரக்குக்கு ரயிலைப் போல வேறு எதுவும் தோதுப்படாது.

இந்தக் கிளை தொற்றிக்கொண்டிருக்கும் பெரிய பாதைக்கும் ஒரு கதை உண்டு. மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 1894இல் வந்த பாதை அது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தின்மேல் தீர்வை போட்டுச் சேர்த்த பணத்தில் கட்டியது. ஆக, டெல்டா விவசாயி கொடுத்த காசில் ஓடிய ரயில் என்றே சொல்லலாம்.

அகஸ்தியம்பள்ளின்னா அந்த உப்பு சத்தியாகிரகம் நடந்த இடமா?

அதே இடம்தான். ராஜாஜியும் தொண்டர்களும் 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியில் கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நடந்தே வேதாரண்யம் வந்தார்கள். ஏப்ரல் 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியபோது ராஜாஜி கைதானார். அங்கே நினைவுத் தூண் இருக்கிறது.

என் பலகையில் அந்தத் தூண் இல்லை. ஏன் வைக்கவில்லை என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது ரயில் நிலையமும் அதை ஒட்டிய உப்பளத் துண்டும் மட்டும். தூணையும் கொண்டுவந்து பக்கத்தில் நட்டால் சுற்றுலாத் துறை கண்காட்சி மாதிரி ஆகிவிடும்.

இது சரக்கு ரயிலா, ஆளுங்க போற ரயிலா?

இரண்டும்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கோயிலுக்குப் போகிறவர்களும் ஏறி இறங்கிய பாதை அது. ஆனால் கிராமத்துக் கிளைப் பாதையின் சுபாவம் சரக்கு நடமாட்டத்தில்தான் தெரியும் என்பது என் எண்ணம். பயணிகள் வண்டி வரும், நிற்கும், போகும். சரக்குப் பெட்டியோ வந்து கழற்றப்பட்டு, சைடிங் என்கிற பக்கத் தடத்தில் தள்ளப்பட்டு, மூட்டை ஏறி, மறுபடி கோக்கப்பட்டு, அப்புறம்தான் கிளம்பும். மாடலில் பார்க்க அதுதான் சுவாரஸ்யம்.

இப்ப அந்த ரயில் ஓடுதா?

ஓடுகிறது, ஆனால் இந்த ரயில் இல்லை. மீட்டர் பாதையைப் பெயர்த்துவிட்டு அகலப் பாதை போடும் வேலை இழுத்துக்கொண்டே போய், ஊர் சுமார் இருபது ஆண்டு ரயில் சத்தம் இல்லாமல் கிடந்தது. 2023 ஏப்ரல் 8ஆம் தேதி அகலப் பாதையில் வண்டி விட்டார்கள். செலவு 294 கோடி ரூபாய். அப்போது சொன்ன பலன்களிலும் உப்புப் போக்குவரத்து இருந்தது. நான் செய்திருப்பது அதற்கு முந்தைய மீட்டர் பாதைக் காலம்.

மீட்டர் பாதைன்னா என்ன? ஒரு மீட்டர் நீளத்துக்கா?

அகலத்துக்கு. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 1000 மில்லிமீட்டர், அதாவது சரியாக ஒரு மீட்டர். இன்றைக்கு நாம் போகும் பெரும்பாலான ரயில்கள் 1676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடுகின்றன. 1992இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டத்தில் நாட்டின் மீட்டர் பாதைகள் ஒவ்வொன்றாக அகலமாயின.

தமிழ்நாட்டில் இன்னும் மீட்டர் பாதையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையம் போங்கள். ஊட்டி ரயில் அதே 1000 மில்லிமீட்டர்தான். முதல் கேள்வியில் ஊட்டி ஞாபகம் வந்தது இதனால்தான். குன்னூரிலிருந்து ஊட்டி வரை இழுக்கும் ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சினும் பழைய மீட்டர் பாதைக் குடும்பமே.

எந்த அளவுல செய்யணும்? எச்ஓ-ன்னு சொல்றாங்க, என்-ன்னு சொல்றாங்க, தலை சுத்துது.

சுற்றத்தான் செய்யும். இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொண்டால் பாதித் தலைசுற்றல் நிற்கும். ஒன்று, நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பது. மற்றது, கடையில் கிடைக்கும் மாடல் தண்டவாளத்தின் அகலம். எச்ஓ என்றால் 87இல் ஒரு பங்கு. அதன் வழக்கமான தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கினால் 1436 வரும். அது ஐரோப்பா, அமெரிக்காவின் பாதை அகலம். நம் மீட்டர் பாதைக்கு அகலம் அதிகம், அகலப் பாதைக்கோ கால் மீட்டர் குறைவு. எச்ஓ தண்டவாளம் வாங்கி அதில் மீட்டர் பாதை வண்டியை ஏற்றினால், வேட்டியை அகட்டிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி தெரியும்.

சரியான வழிகள் மூன்று. எச்ஓ அளவையே வைத்துக்கொண்டு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் போடுவது முதல் வழி. இதை எச்ஓஎம் என்பார்கள். சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காக வந்தது, பீக்கோ (Peco), டில்லிக் (Tillig) என்கிற கம்பெனிகள் தண்டவாளம் விற்கின்றன. 12ஐ 87ஆல் பெருக்கினால் 1044, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நான் எடுத்தது இதைத்தான். இரண்டாவது வழி, 160இல் ஒரு பங்கான 'என்' (N) அளவில் செய்து, அதைவிடச் சின்ன 'இசட்' (Z) அளவின் 6.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓட்டுவது. கணக்கு சுத்தமாக வரும். ஆனால் சக்கரமெல்லாம் கடுகு அளவு, என் கண்ணுக்கும் கைக்கும் ஆகாது.

மூன்றாவது வழியைப் பலரும் யோசிப்பதில்லை. திருத்துறைப்பூண்டி மாதிரி இல்லாமல், அகலப் பாதையும் மீட்டர் பாதையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த விழுப்புரம் போன்ற சந்திப்பைச் செய்ய ஆசையென்றால் 101.6இல் ஒரு பங்கு எடுங்கள். அடிக்கு மூன்று மில்லிமீட்டர் என்கிற பழைய இங்கிலாந்துக் கணக்கு. 1676ஐ 101.6ஆல் வகுத்துப் பாருங்கள், அட்சரம் பிசகாமல் 16.5 வரும்! அகலப் பாதைக்கு எச்ஓ தண்டவாளம், மீட்டர் பாதைக்கு 'என்' (N) அளவின் 9 மில்லிமீட்டர் தண்டவாளம். மீட்டர் பாதை கொஞ்சம் ஒடுங்கி, 914 மில்லிமீட்டருக்குச் சமமாக வரும். அதைப் பொறுத்துக்கொண்டால் இரண்டும் ஒரே பலகையில் நியாயமாக நிற்கும்.

37 கிலோமீட்டரை எட்டடிக்குள்ள எப்படி அடக்கினீங்க?

அடக்கவில்லை. 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால்கூட 37 கிலோமீட்டர் 425 மீட்டர் ஆகும். எங்கள் தெருவே அவ்வளவு நீளம் இல்லை. என் எட்டடிப் பலகை நிஜத்தில் சுமார் 212 மீட்டர். ஒரு பிளாட்பாரம், எஞ்சின் சுற்றி வர ஒரு லூப் தடம், ஒரு உப்பு சைடிங், அவ்வளவுக்குத்தான் இடம். மீதி 36 கிலோமீட்டர் சொச்சத்தையும் பலகையின் இடது முனையில் அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் மூன்று தண்டவாளங்கள் பார்த்துக்கொள்கின்றன. அலமாரியின் பெயர் திருத்துறைப்பூண்டி.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லா ஊரையும் வைக்கத்தான் பார்ப்பார்கள். ஒரே ஒரு நிலையத்தை எடுத்துக்கொண்டு, அதையும் நெரிசல் இல்லாமல் செய்யுங்கள். இந்த வட்டாரத்தின் அழகே வெறுமைதான்.

மலை இல்ல, குகை இல்ல. அப்ப ரயில் எங்க போய் மறையும்?

மேலே சொன்ன அலமாரிக்குள் ரயில் நுழையும் ஓட்டையை மறைப்பதுதான் இந்தப் பலகையிலேயே கஷ்டமான வேலை. வெளிநாட்டு மாடல்களில் குகை வைத்துத் தப்பித்துக்கொள்வார்கள். வேதாரண்யத்தில் குகை வைத்தால் ஊரே சிரிக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை.

நான் முதலில் ஒரு சாலை மேம்பாலம் வைத்தேன். அது அந்த ஊருக்கும் காலத்துக்கும் ஒட்டவில்லை, பிய்த்துவிட்டேன். இப்போது ஓட்டைக்கு முன்னால் சீமைக் கருவேலப் புதர் அடர்த்தியாக, அதற்குப் பின்னால் ஏழு பனை, பக்கவாட்டில் ஓர் உயரமான உப்புக் குவியல். நேரே நின்று பார்த்தால் ரயில் புதருக்குள் கரைந்துபோகிற மாதிரி இருக்கும். கருவேலத்துக்கு மெல்லிய செம்புக் கம்பியை முறுக்கி, தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கி ஒட்டி, மங்கிய பச்சை அடித்தேன். கடையில் விற்கும் பச்சைப் பசேல் மரம் எதுவும் இந்த மண்ணுக்கு ஆகாது.

அந்த உப்பு நிஜ உப்பா? தொட்டுப் பார்க்கலாமா?

தொட்டுப் பாருங்கள், நக்கிப் பார்க்காதீர்கள். அது கோலப்பொடி. வாசலில் போடுகிற வெள்ளைக் கல்பொடி.

முதலில் நிஜ உப்பைத்தான் போட்டேன். வேதாரண்யத்திலிருந்தே ஒரு பை கொண்டுவந்து, உண்மைக்கு உண்மை என்று பெருமையாகக் குவித்து வைத்திருந்தேன். சித்திரையில் பளபளவென்று இருந்தது. ஐப்பசி அடைமழை வந்ததும் ஒரு காலை போய்ப் பார்த்தால் குவியல் இளகி உட்கார்ந்திருக்கிறது, பலகையில் ஈரத் திட்டு. ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்டை நகர்த்தும் கம்பியும் ஸ்பிரிங்கும் செங்கல் நிறம். ஒயர் இணைப்புகளில் பச்சைப் பாசி மாதிரி ஒன்று படிந்திருந்தது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். உப்பளத்து உப்பில் மக்னீசிய உப்பும் கலந்திருப்பதால் அது இன்னும் முந்திக்கொள்ளும். கடலோரத் தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் அந்த 75 எல்லாம் ஒரு பொருட்டா?

இப்போது உள்ளே தெர்மாகோல், மேலே தண்ணீர் கலந்த ஃபெவிகால், அதன்மேல் டீ வடிகட்டியில் சலித்த கோலப்பொடி. நிஜத்தில் மழைக்கு முன்னால் குவியலைக் கீற்றும் ஓலையும் போட்டு மூடுவார்கள். அதற்குக் காய்ந்த வாழைச்சருகை நூல் நூலாகக் கிழித்து அடுக்கினேன். பாதி மூடியும் பாதி மூடாமலும் ஒரு குவியலை விட்டிருக்கிறேன். மேகம் திரண்டு வருகிற ஒரு மத்தியானம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்தியில தண்ணி ஒரு இடத்துல பச்சை, ஒரு இடத்துல ரோஸ் கலர். பெயிண்ட் தப்பாயிடுச்சா?

தப்பில்லை. கடல் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு விட்டு விட்டுத்தான் இறுக வைப்பார்கள். உப்பளக்காரர்கள் அதற்கு டிகிரி பார்ப்பார்கள் (சூடு இல்லை, தண்ணீரின் அடர்த்தி), 25 டிகிரி வாக்கில் உப்பு பூக்கும். தண்ணீர் இறுக இறுக அதில் வாழும் நுண்ணுயிர்கள் மாறும், அவற்றால் நிறமும் மாறும். நன்றாக இறுகிய பாத்தி இளஞ்சிவப்பாவது சகஜம். சாம்பல் களிமண் நிறத்தின்மேல் இந்த நிறங்களை மிக மெல்லிசாக அடித்து, மேலே பளபளக்கும் வார்னிஷ் மூன்று கோட். வரப்போரம் மட்டும் வெள்ளை.

பெட்டியெல்லாம் ஏன் இவ்வளவு துரு? புதுசா ஒண்ணு வச்சா என்ன?

உப்பு ஏற்றுகிற பெட்டி புதிதாக இருக்காது. சிந்திய உப்பு ஈரத்தை இழுத்து, தகடு, போல்ட், கதவுக் கீல் எல்லாவற்றையும் அரிக்கும். வடிகிற உப்புத் தண்ணீர் கீழே தண்டவாளத்தையும் விடாது.

துருவைக் காட்டுவதற்கு மட்டும் நிஜ உப்பு உண்டு. முதலில் பெட்டி முழுக்கத் துரு நிறம் அடித்துக் காயவிட வேண்டும். அங்கங்கே தண்ணீர் தொட்டு, தூளுப்பைத் தூவிக் காய்ந்ததும் மேலே பெட்டியின் நிஜ நிறத்தைத் தெளிக்க வேண்டும். அப்புறம் பழைய பல்துலக்கியால் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், உப்பு ஒட்டியிருந்த இடமெல்லாம் பெயிண்ட் உரிந்து துரு எட்டிப் பார்க்கிற மாதிரி வரும். கழுவாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் கோலப்பொடி கதைக்கு முந்தைய கதைதான்.

எஞ்சின் எங்க வாங்கினது?

வாங்கவில்லை. இந்திய மீட்டர் பாதை எஞ்சின் கடையில் சுலபமாகக் கிடைக்காது. 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் ஐரோப்பிய எஞ்சின் ஒன்றின் அடிப்பாகத்தை எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஒய்டிஎம்-4 உடம்பைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டினேன். போகிகளின், அதாவது அடியில் உள்ள சக்கரத் தொகுதிகளின், இடைவெளி ஒத்துவரும் அடிப்பாகத்தைத் தேடுவதிலேயே ஒரு வருடம் போனது. ஒய்பி நீராவி எஞ்சின் ஒன்றும் இருக்கிறது, ஆனால் ஓடாது. சும்மா நிற்கும். கேட்டால் தண்ணீர் பிடிக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

பஃபர் ரெண்டு இருக்கணுமே? இதுல நடுவுல ஒண்ணுதான் இருக்கு.

பஃபர் என்பது பெட்டிகள் முட்டும்போது இடியைத் தாங்கும் குமிழ். அகலப் பாதைப் பழைய வண்டிகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பஃபர், நடுவில் சங்கிலிக் கொக்கி. மீட்டர் பாதையில் நடுவில் ஒரே பஃபர், அதிலேயே கொக்கியும் சேர்ந்திருக்கும். எச்ஓ சரக்குப் பெட்டியை வாங்கிச் சக்கரத்தை மட்டும் மாற்றி மீட்டர் பாதை என்று காட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். பக்கத்துப் பஃபர்களை முதலில் அறுத்துப் போடுங்கள். வேறு எதையும் மாற்றாவிட்டாலும் பாதி ஊர் வந்துவிடும்.

இது எந்த வருஷம்?

1980களின் பிற்பகுதி. தென்னக மீட்டர் பாதையில் நீராவியும் டீசலும் சேர்ந்து ஓடிய காலம் என்பதால் இரண்டையும் கூச்சமில்லாமல் வைக்கலாம். பயணிகள் பெட்டி செங்காவி நிறம். நீலம் அடித்தால் காலம் தள்ளிப்போய்விடும்.

வருஷத்தை முடிவு செய்தால் மரத்தையும் முடிவு செய்ததாக ஆகும். 2018 நவம்பர் 16ஆம் தேதி அடித்த கஜா புயலில் இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. புயலுக்குப் பின் எடுத்த படத்தைப் பார்த்து மரம் நட்டால் 1980கள் வராது.

வட்டமா சுத்தாத ரயிலை வச்சுக்கிட்டு என்னதான் பண்ணுவீங்க?

ஷண்டிங். அலமாரியிலிருந்து டீசல் நாலு காலிப் பெட்டியும் ஒரு பயணிகள் பெட்டியும் இழுத்து வரும். பிளாட்பாரத்தில் நிற்கும். எஞ்சின் கழன்று லூப் வழியாகச் சுற்றிப் பின்பக்கம் வரும். சைடிங்கில் மூட்டை ஏறிய பெட்டிகளை இழுத்துப் போட்டுவிட்டுக் காலிகளை உள்ளே தள்ளும். லூப்பில் மூன்று பெட்டிக்குமேல் இடம் இல்லை, நாலாவதை எங்கே நிறுத்துவது என்பதுதான் விளையாட்டு. அவசரப்படாமல் செய்தால் நாற்பது நிமிடம். என் அண்ணன் மகன் ஒருமுறை ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டு, "இவ்வளவுதானா சித்தப்பா?" என்றான். பெட்டிகள் இரண்டு தடம் புரண்டு கிடந்ததை அவன் கவனிக்கவில்லை.

அளவு எப்படி எடுத்தீங்க? பழைய வண்டிதான் இப்ப இல்லையே?

பழைய படத்தில் தண்டவாளம் நேராகத் தெரிந்தால் போதும், கையில் ஒரு மீட்டர் ஸ்கேல் கிடைத்த மாதிரி. இடைவெளி 1000 மில்லிமீட்டர் என்பது தெரியும், அதை வைத்து அதே தூரத்தில் நிற்கும் பெட்டியின் அகலம், கதவு, சக்கரம் எல்லாவற்றையும் கணக்கிடலாம். மூட்டைகளுக்கு வேறு கணக்கு: தூக்குகிற ஆள் 19 மில்லிமீட்டர் உயரம், மூட்டை அவன் இடுப்புக்குமேல் கொஞ்சம். எம்-சீலை உருட்டி, கொசுவலையில் அழுத்தினால் சாக்கு நெசவு அப்படியே விழும்.

நிஜ வண்டியை அளக்க அருங்காட்சியகம் போங்கள். தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் மீட்டர் பாதை எஞ்சின்கள் நிற்கின்றன. ஓடுகிற பாதையில் டேப்போடு இறங்காதீர்கள். ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றம், மாடலுக்காக என்று சொன்னால் யாரும் விடமாட்டார்கள்.

எங்க தாத்தா அந்தப் பக்கம் ரயில்வேல இருந்தவரு. ஸ்டேஷன் இப்படி இருக்காதுங்கறாரே?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கும். நான் அளவெடுத்த வரைபடம் எதையும் வைத்துச் செய்யவில்லை. எட்டடிக்குள் விளையாட வசதியாக லூப்பையும் சைடிங்கையும் நானே போட்டுக்கொண்டேன். மண், உப்பு, பஃபர், பாதையின் அகலம் இவற்றில் மட்டும் கறாராக இருந்தேன்.

ஆனால் தாத்தாவை ஒருநாள் கூட்டி வாருங்கள். போன மாதம் வந்த இன்னொரு பெரியவர் குட்ஸ் ஷெட்டின் இடம் சரியில்லை, எதிர்ப்பக்கம் வர வேண்டும் என்றார். அவருக்கு அடுத்து வந்தவர் இல்லை, இதே பக்கம்தான் என்று சாதித்தார். அதனால் ஷெட்டை இன்னும் ஒட்டாமலே வைத்திருக்கிறேன். அடியில் இரண்டு ஆணிதான், தூக்கி எந்தப் பக்கமும் வைக்கலாம்.